காலைல வந்து பாத்தா பேக்கப் இல்லையா? அறிகுறிய வச்சு கோளாற புடிக்கற வழி

செவ்வாப்பேட்டை வெள்ளிக் கடையோ, அம்மாபேட்டை தறி ஆபீஸோ, ஆத்தூர் ரோட்டுல ஒரு ஜவ்வரிசி ஆலையோ, எங்க போனாலும் மூலைல ஒரு சர்வர் ஓடிட்டிருக்கும், அதுல நைட்டு ரெண்டு மணிக்கு பேக்கப் ஓடணும்னு எப்பவோ ஒருத்தர் செட் பண்ணி வச்சிருப்பாரு, அதுக்கப்பறம் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பாத்திருக்க மாட்டாங்க. அது ஓடலங்கற விஷயமே டிஸ்க் போன அன்னைக்குத்தான் தெரியும். அதனால குறிச்ச நேரத்துக்கு வேலைய தானா கிளப்பி விடற லினக்ஸ் கிரான், சிஸ்டம்டி டைமர், விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர் இந்த மூணுலயும், என்ன அறிகுறி தெரிஞ்சா எங்க கை வைக்கணும்னு எழுதறேன்.

எதையும் மாத்தறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க, இதே வரிசைல. வேலை ஆரம்பிச்சுதா? ஆரம்பிச்சது முடிஞ்சுதா? முடிஞ்சதுல உள்ள என்ன இருக்கு? நிறைய பேரு நேரா ஸ்கிரிப்ட தொறந்து திருத்த ஆரம்பிச்சுடறாங்க, ஆனா வேலை ஆரம்பிக்கவே இல்லன்னா ஸ்கிரிப்ட்ல என்ன திருத்தி என்ன ஆகப்போவுது. உபுண்டு லினக்ஸ்ல, சிஸ்டம் பண்றத எல்லாம் குறிச்சு வைக்கற சிஸ்லாக் ஃபைல்ல கிரான்னு தேடுனா எந்த நேரத்துக்கு எந்த கமாண்ட் கிளம்புச்சுன்னு வரி வரியா இருக்கும். டெபியன் 12ல புதுசா இன்ஸ்டால் பண்ணிருந்தா அந்த ஃபைலே இருக்காது, ஜர்னல்சிடிஎல்ங்கற கமாண்ட் வழியாத்தான் பாக்கணும். விண்டோஸ்ல டாஸ்க் ஹிஸ்டரி வழக்கமா ஆஃப்லதான் கெடக்கும், மொதல்ல அத ஆன் பண்ணி விடுங்க, இல்லன்னா நாளைக்கும் இதே இருட்டுலதான் தேடணும்.

லாக்ல ஒரு வரி கூட இல்ல

அப்ப வேலை கிளம்பவே இல்ல. கிரான் சர்வீஸ் ஓடுதான்னு பாருங்க, அது ஓடுச்சுன்னா அடுத்து ஃபைல் பேர பாருங்க. டெபியன், உபுண்டு ரெண்டுலயும் கிரான் டெய்லி ஃபோல்டர்ல போடற ஸ்கிரிப்ட் பேர்ல புள்ளி இருக்கக் கூடாது. பேக்கப்னு பேரு வச்சு கடைசில புள்ளி எஸ்ஹெச்னு போட்டீங்கன்னா அத அப்படியே தாண்டிப் போயிடும், எர்ரரும் வராது, ஒண்ணும் வராது. ரன்பார்ட்ஸ் கமாண்ட டெஸ்ட் ஆப்ஷனோட ஓட்டுங்க, எது எது ஓடும்னு பட்டியல் வரும், அதுல உங்க ஃபைல் இல்லன்னா பேரு தப்பு, இல்லன்னா எக்ஸிக்யூட் பர்மிஷன் இல்ல.

எந்த நேரத்துக்கு எது ஓடணும்னு எழுதி வைக்கற கிரான்டேப் ஃபைலோட கடைசி வரிக்கு அப்பறம் ஒரு என்டர் இருக்கணும், இல்லன்னா அந்த வரிய எடுத்துக்காது. கிரான் டி ஃபோல்டர்ல தனி ஃபைலா போட்டீங்கன்னா நேரம் அஞ்சு கட்டத்துக்கு அப்பறம் எந்த யூசர்னு ஆறாவதா ஒண்ணு எழுதணும், அத விட்டா கமாண்டோட மொத வார்த்தைய யூசர் பேருன்னு நெனச்சுக்கும். இன்னொண்ணு, நீங்க உங்க லாகின்ல கிரான்டேப் தொறந்து பாத்துட்டு இருப்பீங்க, செட் பண்ணவரு ரூட்ல, அதாவது அட்மின் யூசர்ல, பண்ணிருப்பாரு. ரெண்டையும் பாத்துடுங்க.

விண்டோஸ்ல லாஸ்ட் ரிசல்ட்ட பவர்ஷெல்ல கேட்டா 267011னு வந்தா அந்த டாஸ்க் இதுவரைக்கும் ஓடவே இல்லன்னு அர்த்தம். 267009ன்னா இப்ப ஓடிட்டிருக்கு. 0ன்னா நல்லபடியா முடிஞ்சுதுன்னு அது சொல்லுது, அத எவ்வளவு நம்பலாம்ங்கறத கீழ சொல்றேன்.

ஓடுது, ஆனா கடை தொறக்கற நேரத்துக்கு ஓடுது

காலைல ஏழரைக்கு சர்வர் மெதுவாகுது, பில்லு போட முடியலன்னு போன் வந்தா, சர்வரோட நேரத்த பாருங்க. க்ளவுட்ல எடுத்த மெஷின் பெரும்பாலும் யூடிசிங்கற உலகப் பொது நேரத்துலதான் வரும். நம்ம நேரம் அதவிட அஞ்சரை மணி நேரம் முன்னால, அதனால நீங்க ரெண்டுன்னு எழுதுனது இங்க 7.30. டைம்டேட்சிடிஎல்ல டைம்ஸோன ஏசியா கொல்கத்தான்னு மாத்துங்க, மாத்திட்டு கிரான் சர்வீஸ ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணுங்க, இத நிறைய பேரு விட்டுடறாங்க, கிரான் பழைய டைம்ஸோனையே புடிச்சுட்டு இருக்கும். யூடிசிலயே வச்சுக்கணும்னு யாராவது சொன்னா 20.30ன்னு எழுதுங்க, ஆனா கிழமைய மறந்துடாதீங்க, நம்ம ஞாயித்துக்கெழம விடியறதுக்கு முன்னாடி ரெண்டு மணி அங்க சனிக்கெழம 20.30. வாராந்திர ஃபுல் பேக்கப் ஒரு நாள் தள்ளிப் போறதுக்கு காரணம் இதுவாத்தான் இருக்கும்.

இதோட சேந்தது, மாசத்துல மொத ஞாயிறு மட்டும் ஓடணும்னு எழுதுனது வாரா வாரமும் ஓடுது, ஒண்ணாந்தேதில இருந்து ஏழாந்தேதி வரைக்கும் தினமும் ஓடுது, டிஸ்க் நிறையுது. கிரான்ல தேதி, கிழமை ரெண்டு கட்டத்தையும் நிரப்புனா, ரெண்டுல எது பொருந்துனாலும் ஓட்டிடும். ரெண்டும் சேந்து பொருந்தணும்னு அது பாக்காது. வழி என்னன்னா தேதிய மட்டும் 1-7ன்னு குடுத்துட்டு, இன்னைக்கு ஞாயிறான்னு ஸ்கிரிப்ட்டுக்குள்ள பாத்துக்கணும். சிஸ்டம்டி டைமர்ல இந்தத் தொல்லை கெடையாது, அதுல கிழமையும் தேதியும் சேந்தே பொருந்தணும், அது போக சிஸ்டம்டி அனலைஸ் கேலண்டர்னு ஒரு கமாண்ட் இருக்கு, நீங்க எழுதுன நேரத்த குடுத்தா அடுத்து என்னைக்கு எத்தன மணிக்கு கிளம்பும்னு அதுவே சொல்லிடும். புதுசா செட் பண்றவங்க டைமர்லயே பண்ணுங்கன்னு நான் சொல்றதுக்கு இது ஒண்ணே போதும்.

கையால ஓட்டுனா ஓடுது, ஷெட்யூல்ல ஓட மாட்டேங்குது

எனக்கு வர்ற போன்ல அதிகமா வர்றது இதுதான். "அண்ணா, நான் ஓட்டுனா சூப்பரா ஓடுதுண்ணா, நைட்டு மட்டும் ஓடல" அப்படின்னு. நைட்டு ஓட்டறது நீங்க இல்ல, அதுதான் விஷயம். உங்க லாகின்ல இருக்கற எந்த வசதியும் கிரானுக்கு கெடையாது.

மொதல்ல பாத், அதாவது கமாண்ட எந்தெந்த ஃபோல்டர்ல தேடணும்ங்கற பட்டியல். கிரானுக்கு தெரிஞ்ச பாத் ரொம்ப சின்னது, யூஎஸ்ஆர் பின், பின் இவ்வளவுதான். தனியா இன்ஸ்டால் பண்ண ரெஸ்டிக், போர்க் மாதிரி பேக்கப் டூல் எல்லாம் யூஎஸ்ஆர் லோக்கல் பின்ல உக்காந்திருந்தா ‘நாட் ஃபவுண்ட்’னு சொல்லிட்டு போயிடும். ஸ்கிரிப்ட்ல மொத வரிக்கு கீழயே பாத்த முழுசா எழுதிடுங்க, இல்லன்னா ஒவ்வொரு கமாண்டுக்கும் முழு பாத் குடுங்க.

ரெண்டாவது ஷெல், அதாவது நீங்க எழுதற கமாண்ட படிச்சு ஓட்டற ப்ரோக்ராம். கிரான்டேப்ல எழுதற வரி ஓடறது எஸ்ஹெச்ல, டெபியன் உபுண்டுல அது டேஷ், நீங்க டைப் பண்ணி பாத்தது பேஷ். ரெட்ட சதுர அடைப்பு போட்ட கண்டிஷன் எல்லாம் அங்க செல்லாது.

மூணாவதுதான் பல பேர சுத்தல்ல விடறது. கிரான்டேப் வரிக்குள்ள பெர்சன்ட் குறி வந்தா கிரான் அத புது வரின்னு எடுத்துக்கும். பேக்கப் ஃபைல் பேர்ல தேதி வரணும்னு டேட் கமாண்ட போட்டு, வருஷம் மாசம் நாளுக்கு மூணு % போட்டிருப்பீங்க, மொத % வந்த எடத்துலயே கமாண்ட் வெட்டுப்பட்டுடும். ஒவ்வொரு % முன்னாடியும் ஒரு \ போடணும். அதவிட நல்லது, தேதி வேலைய ஸ்கிரிப்ட்டுக்குள்ள வச்சுட்டு கிரான்டேப்ல வெறும் ஸ்கிரிப்ட் பாத்த மட்டும் எழுதறது. கிரான்டேப் வரி எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது.

நாலாவது எஸ்எஸ்ஹெச் கீ, அதாவது இன்னொரு சர்வருக்குள்ள நுழையறதுக்கான சாவி ஃபைல். உங்க கீக்கு பாஸ்ஃப்ரேஸ் போட்டு, அத ஞாபகத்துல வச்சுக்கற ஏஜென்ட்ல ஏத்தி வச்சிருப்பீங்க, அந்த ஏஜென்ட் கிரானுக்கு தெரியாது. பேக்கப்புக்குன்னு தனியா ஒரு கீ, பாஸ்ஃப்ரேஸ் இல்லாம, ஆனா அந்தப் பக்க சர்வர்ல இந்த கீ வச்சு இந்த ஒரு கமாண்ட் மட்டும்தான் ஓட்டலாம்னு கட்டிப் போட்டு வைங்க. ரூட்ல ஓடுதுன்னா ரூட்டோட நோன் ஹோஸ்ட்ஸ்ங்கற தெரிஞ்ச சர்வர் பட்டியல்ல அந்த சர்வர் இருக்கணும், இல்லன்னா எஸ்ஸா நோவான்னு கேட்டுட்டு நிக்கும், பதில் சொல்ல அங்க ஆள் இல்ல.

இதுல பாத், ஏஜென்ட் ரெண்டையும் பாக்கறதுக்கு ஒரு வழி இருக்கு. என்வ் கமாண்ட ஐ ஆப்ஷனோட குடுத்து, உங்க லாகினோட எல்லா என்விரான்மென்ட் செட்டிங்கையும் தொடச்சுட்டு, பாத்த மட்டும் யூஎஸ்ஆர் பின், பின்னு குடுத்து, அந்த வெத்து நெலமைல ஸ்கிரிப்ட ஓட்டிப் பாருங்க. அங்க ஓடுச்சுன்னா பெரும்பாலும் நைட்டும் ஓடும்.

விண்டோஸ்ல இதே அறிகுறிக்கு காரணம் வேற. இசட் டிரைவ்னு மேப் பண்ணி வச்சிருப்பீங்க, யூசர் லாகின் இல்லாதப்பவும் ஓடுன்னு டாஸ்க்க வச்சா அந்த இசட் டிரைவே அதுக்கு இருக்காது, ரெண்டு பேக்ஸ்லாஷ்ல ஆரம்பிக்கற முழு நெட்வொர்க் பாத்த குடுக்கணும். ஸ்டார்ட் இன் கட்டத்துல ஸ்கிரிப்ட் இருக்கற ஃபோல்டர எழுதுங்க. அட்மின் பாஸ்வேர்ட் மாத்துன அன்னையில இருந்து நின்னுருக்கான்னும் கேளுங்க, டாஸ்க்ல சேவ் ஆகிருக்கறது பழைய பாஸ்வேர்ட்.

கரண்ட் போன அன்னைக்கு மட்டும் பேக்கப் இல்ல

ஏற்காட்டுல எஸ்டேட் ஆபீஸ் வச்சிருக்கறவங்களுக்கு இது நல்லா தெரியும். ஏப்ரல் மே மாசத்துல சாயங்காலம் இடியும் மழையும் வந்துச்சுன்னா கரண்ட் போகும், யுபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கும், அப்பறம் மெஷின் படுத்துடும். கீழ சேலத்துல பராமரிப்புக்காக பகல் முழுக்க நிறுத்தற நாளும் இருக்கு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு கரண்ட் வர்றதுக்குள்ள ஆளுங்க கெளம்பிட்டா மெஷின ஆன் பண்ண யாரும் இல்ல.

சாதா கிரானுக்கு நேரம் தாண்டிடுச்சுன்னா தாண்டுனதுதான், மெஷின் ஆஃப்ல இருந்தப்ப விட்ட வேலைய அது திரும்ப எடுக்காது. தினசரி வேலைக்கு அனாக்ரான் போடுங்க, இல்லன்னா சிஸ்டம்டி டைமர்ல பெர்சிஸ்டன்ட்ட ட்ரூன்னு குடுங்க, மெஷின் எழுந்ததும் விட்டத புடிச்சுக்கும். இது ஆன்கேலண்டர்னு நேரம் குடுத்த டைமருக்கு மட்டும்தான் வேலை செய்யும், பூட் ஆகி இத்தன நிமிஷம்னு குடுத்ததுக்கு செய்யாது. விண்டோஸ்ல செட்டிங்ஸ் டேப்ல, தவறிப்போன டாஸ்க்க சீக்கிரம் ஓட்டுங்கற டிக்க போடணும். கண்டிஷன்ஸ் டேப்ல ஏசி பவர்ல இருந்தா மட்டும் ஆரம்பிங்கற டிக் தானாவே போட்டிருக்கும், யுபிஎஸ்ஸ யுஎஸ்பி கேபிள்ல மாட்டிருந்தா விண்டோஸ் அத பேட்டரின்னு பாக்கும், கரண்ட் இல்லாத நேரத்துக்கு ஷெட்யூல் வந்துச்சுன்னா டாஸ்க் கிளம்பாது. வேணும்னு வச்சிருந்தா சரி, தெரியாம இருந்தா எடுத்துடுங்க.

ஆனா ஆபீஸ் பூட்டும்போது தினமும் மெஷின ஆஃப் பண்ணிட்டு போற எடத்துல நைட்டு ரெண்டு மணிக்கு ஷெட்யூல் வைக்கறதே தப்பு. காலைல ஒம்போது மணிக்கு ஆன் பண்ணதும் விட்டுப்போன பேக்கப் எழுந்து டிஸ்க்க புடிச்சு இழுக்கும், எல்லாரும் கம்ப்யூட்டர திட்டுவாங்க, அப்பறம் யாராவது பேக்கப்பையே நிறுத்திடுவாங்க. அந்த மாதிரி எடத்துல மத்தியானம் சாப்பாட்டு நேரம் ஒண்ணரை மணிக்கு வைங்க.

கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருஷம் பின்னாடி காட்டுதுன்னா மதர்போர்டுல இருக்கற சின்ன பேட்டரி தீந்துடுச்சு. அத மாத்துங்க. தப்பான தேதில ஓடுன பேக்கப், பழச அழிக்கற கணக்கையும் சேத்து கெடுக்கும்.

ஃபைல் இருக்கு, ஆனா சைஸ் ஒதைக்குது

தினமும் ஃபைல் வருது, பேர்ல தேதி கரெக்டா இருக்கு, லாக்ல வெற்றின்னு இருக்கு. சைஸ பாருங்க. ஜிஜிப் ஃபைல் 20 பைட்னு இருந்தா உள்ள ஒண்ணுமே இல்ல, ஒண்ணுமில்லாதத ஜிஜிப் அமுக்குனா வர்ற சைஸ் அது. டேட்டாபேஸ ஃபைலா எடுக்கற மைஎஸ்க்யூஎல்டம்ப் பாஸ்வேர்ட் தப்புன்னு செத்துருக்கும், ஆனா அத பைப் போட்டு ஜிஜிப்புக்கு அனுப்பும்போது ஷெல் பாக்கறது கடைசி கமாண்டோட ரிசல்ட்ட மட்டும்தான், ஜிஜிப் நல்லா முடிஞ்சுது, அதனால எல்லாம் நல்லா முடிஞ்சுதுன்னு சொல்லிடும். மேல 0 வந்தா எவ்வளவு நம்பலாம்னு சொன்னேனே, அது இதுக்குத்தான். பேஷ் ஸ்கிரிப்ட்ல ஆரம்பத்துலயே பைப்ஃபெயில் ஆப்ஷன செட் பண்ணுங்க, பைப்ல எந்த கமாண்ட் செத்தாலும் ஃபெயில்னு சொல்லும். மைஎஸ்க்யூஎல்டம்ப் முழுசா முடிஞ்சா கடைசி வரில ‘டம்ப் கம்ப்ளீட்டட்’னு தேதியோட எழுதும், ஸ்கிரிப்ட்டே அந்த வரி இருக்கான்னு பாத்து, இல்லன்னா ஃபெயில்னு சொல்ற மாதிரி வைங்க. மைஎஸ்க்யூஎல்ல இன்னோடிபி வகை டேபிளா இருந்தா சிங்கிள் டிரான்சாக்‌ஷன் ஆப்ஷனும் சேத்துக்குங்க, பேக்கப் ஓடற நேரத்துல யாராவது பில்லு போட்டாலும் டம்ப் ஒரே நொடியோட கணக்கா வரும்.

டேலி ஃபோல்டர காப்பி எடுக்கறவங்க கவனிங்க. மாசா மாசம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடறவங்களுக்கு 11ம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, 20ம் தேதி 3பி கடைசி நாள், அந்த ரெண்டு தேதிக்கு முன்னாடி ராத்திரி வரைக்கும் ஆளுங்க உக்காந்து வேலை பாப்பாங்க, கம்பெனி ஓபன்லயே இருக்கும், காப்பி போற ஃபைல் பாதி எழுதுன நெலமைல போகலாம். எந்த நாள் பேக்கப் ரொம்ப முக்கியமோ அந்த நாள்லதான் அது கெடும். அந்த நாளுங்கள்ல வேலை முடிச்சுட்டு போற ஆளு கம்பெனிய க்ளோஸ் பண்ணிட்டு ஒரு தடவ கையால பேக்கப் எடுக்கணும்னு பழக்கப்படுத்துங்க.

மாறுன ஃபைல இன்னொரு எடத்துக்கு காப்பி பண்ற ஆர்சிங்க் டூல ஓட்டறவங்களுக்கு ரெண்டு முடிவு நம்பர் தெரிஞ்சா போதும். 24ன்னு முடிஞ்சா காப்பி ஆகும்போது சில ஃபைல் காணாம போச்சு, டெம்ப் ஃபைலா இருக்கும், பெருசா ஒண்ணுமில்ல. 23ன்னா சில ஃபைல் போய்ச் சேரல, அது எதுன்னு பாத்தே ஆகணும்.

ரூட் பார்ட்டிஷன் திடீர்னு நிறைஞ்சுது

பேக்கப் டிஸ்க் மவுண்ட் ஆகல, அதாவது சிஸ்டத்துல ஒரு ஃபோல்டரா இணையல. கேபிள் லூஸு, இல்ல யாரோ கழட்டிட்டாங்க. மவுண்ட் ஆகற ஃபோல்டர் வெறும் ஃபோல்டரா அங்கயே இருக்கும், ஸ்கிரிப்ட் அதுக்குள்ள சந்தோஷமா எழுதிட்டே போகும், அது எல்லாம் மெயின் டிஸ்க்லதான் விழும். ஸ்கிரிப்ட் ஆரம்பத்துல மவுண்ட்பாயின்ட் கமாண்ட வச்சு பாத்து, இல்லன்னா அங்கயே நிறுத்திடுங்க.

பழைய பேக்கப் எல்லாம் காணோம்

இதத்தான் ரொம்ப பயந்து பாக்கணும். ஃபைண்ட் கமாண்ட்ல எம்டைம் +7ன்னு போட்டு, ஏழு நாளுக்கு மேல பழச அழிக்கற வரி எல்லா ஸ்கிரிப்ட்லயும் இருக்கும். பேக்கப் எடுக்கற வரி பத்து நாளா ஃபெயில், அழிக்கற வரி மட்டும் ஒழுங்கா ஓடிட்டே இருக்கு, பத்தாவது நாள் ஃபோல்டர் காலி. அழிக்கற வேலைய நாள் கணக்குல விடாதீங்க. இன்னைக்கு பேக்கப் வெற்றி, சைஸ் சரி, இதெல்லாம் உறுதியானதுக்கு அப்பறம்தான் அழிக்கற வரிக்கே போகணும், அதுலயும் கடைசியா நல்லா வந்த ஏழ வச்சுக்கோ மிச்சத்த அழின்னு எண்ணிக்கைல எழுதுங்க.

ஆர்சிங்க்ல டெலிட் ஆப்ஷனும் இதே ஜாதி. மூல ஃபோல்டர் காலியா போயிருந்தா அந்தக் காலிய அப்படியே அங்கயும் கொண்டு போய் வச்சிடும். ஃபைல பூட்டி பணம் கேக்கற ரேன்சம்வேர் வைரஸ் புகுந்த மெஷின்ல இருந்து லாக் ஆன ஃபைல நல்ல ஃபைல் மேலயே எழுதி விடும். அதனால ஒரே ஒரு காப்பிய சிங்க் பண்ணி வச்சுட்டு அத பேக்கப்னு சொல்லாதீங்க, தேதி வாரியா பல பதிப்பு இருக்கணும். முடிஞ்சா பேக்கப் சர்வர் தானே வந்து இழுத்துட்டு போற மாதிரி வைங்க, ஆபீஸ் மெஷின் கைல பேக்கப் டிஸ்க்குல எழுதற உரிமையே இருக்க வேணாம்.

முடியவே மாட்டேங்குது, ரெண்டு ஒண்ணா ஓடுது

நேத்து கிளம்புனது இன்னும் ஓடிட்டிருக்கும்போதே இன்னைக்கோடது கிளம்பும், ரெண்டும் ஒரே ஃபைல்ல மோதும். கிரான்ல ஃப்ளாக் கமாண்ட என் ஆப்ஷனோட முன்னாடி போடுங்க, முன்னது முடியாம அடுத்தது ஆரம்பிக்காது. சிஸ்டம்டி டைமர் தானாவே ரெண்டாவத கிளப்பாது.

ஆனா அது தடுப்பு மட்டும்தான், ஏன் முடியலன்னு கணக்கு போட்டு பாக்கணும். ஏற்காட்டு ஆபீஸ்ல இருந்து சேலத்துக்கு அனுப்பறீங்க, அப்லோட் 10 எம்பிபிஎஸ்னு வைங்க, முழு வேகம் கெடைச்சாலும் ஒரு மணி நேரத்துக்கு 4.5 ஜிபிதான் போகும். நைட்டு ரெண்டுல இருந்து காலைல எட்டு வரைக்கும் ஆறு மணி நேரத்துல 27 ஜிபி. மொத தடவ 300 ஜிபி போகணும்னா ராத்திரி பகலா நிக்காம போனாலும் மூணு நாள் கிட்ட ஆகிடும், அதுக்குள்ள லைன் எத்தன தடவ கட் ஆகும்னு அங்க இருக்கறவங்களுக்கே தெரியும். மொத காப்பிய வெளி டிஸ்க்ல எடுத்து, இருபது கொண்டை ஊசி வளைவு எறங்கி கைல கொண்டு வந்துடுங்க, டிஸ்க்க என்க்ரிப்ட் பண்ணி. அதுக்கப்பறம் மாறுனது மட்டும் லைன்ல வரட்டும், லைன் கட் ஆனா பாதி வந்த ஃபைல தூக்கி போடாம வச்சுக்கறதுக்கு ஆர்சிங்க்ல பார்ஷியல் ஆப்ஷன் போட்டுக்குங்க. தெனமும் மொத்தத்தையும் ஜிப் பண்ணி அனுப்பாதீங்க, உள்ள கொஞ்சம் மாறுனாலும் ஜிப் ஃபைல் அங்கருந்து முழுசா மாறிடும், ஆர்சிங்க் மறுபடி எல்லாத்தையும் அனுப்பும். ஜிஜிப் பண்ணியே ஆகணும்னா ஆர்சிங்கபிள் ஆப்ஷனோட பண்ணுங்க.

ஃபெயில் ஆனா மெயில் வரும்னு சொன்னாங்க, வரல

லாக்ல ‘நோ எம்டிஏ இன்ஸ்டால்டு, டிஸ்கார்டிங் அவுட்புட்’னு ஒரு வரி இருக்கும், பாருங்க. கிரான் மெயில் அனுப்ப பாத்துச்சு, சர்வர்ல மெயில் அனுப்பற ப்ரோக்ராம் இல்ல, எர்ரர தூக்கி போட்டுடுச்சு. அது போக, மெஷினே செத்துருந்தா ஃபெயில்னு மெயில் அனுப்ப யாரு இருக்கா. அதனால தலைகீழா வைங்க. வெற்றின்னா ஸ்கிரிப்டோட கடைசி வரி வேற ஒரு மெஷினுக்கு ஒரு சிக்னல் அனுப்பணும், காலைல எட்டு மணிக்குள்ள அந்த சிக்னல் வரலன்னா அந்த மெஷின் உங்க போனுக்கு மெசேஜ் போடணும்.

பேக்கப் இருக்கு, ரீஸ்டோர் ஆகல

ரீஸ்டோரையும் ஷெட்யூல்ல போடுங்க, மாசம் ஒரு தடவ, வேற மெஷின்ல. டேட்டாபேஸ ஏத்தி, கடைசி பில்லு நம்பர் எது, அது எந்த தேதின்னு ஒரு க்வெரில எடுத்து கடைல இருக்கற பில் புக்கோட ஒப்பிடுங்க. மார்ச் 31 கணக்கு முடிக்கற நாள், உலக பேக்கப் தினமும் அன்னைக்குத்தான், கணக்கு முடிச்ச கையோட ஒரு முழு ரீஸ்டோர் பாத்துடுங்க. ரெஸ்டிக், போர்க் மாதிரி என்க்ரிப்ட் பண்ற டூல்ல பாஸ்வேர்ட் ஃபைல் அந்த சர்வர்லயே மட்டும் இருந்தா, சர்வர் போன அன்னைக்கு பேக்கப்பும் பூட்டிக்கும், தொறக்க வழியே கெடையாது. போர்க்ல கீயையும் தனியா எக்ஸ்போர்ட் பண்ணிக்குங்க. ரெண்டையும் பேப்பர்ல பிரின்ட் எடுத்து, கவர்ல போட்டு ஒட்டி, ஒண்ண முதலாளி வீட்டு பீரோவுலயும் இன்னொண்ண பேங்க் லாக்கர்லயும் வைங்க, சர்வர் ரூம் மேசைல வைக்காதீங்க.